கிளட்ச் வழுக்குகிறதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நான்கு வழிச்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக ஐந்தாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறீர்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறுகிறது, ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) எகிறுகிறது, வண்டியோ அதே வேகத்தில்தான் போகிறது. கையைத் தளர்த்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. 'ரேஸ் ஏறுது, வண்டி இழுக்கல' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில் புதிதாகப் பெரிய வண்டி எடுத்தவர்கள் நேராகப் பட்டறைக்குப் போய், "கிளட்ச் பிளேட்ட மாத்திடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். பிளேட் தேய்ந்தே இருக்கலாம். ஆனால் அது ஏன் தேய்ந்தது? கேபிள் இறுக்கமாக இருந்ததாலா, பொருந்தாத ஆயிலாலா, ஓட்டும் பழக்கத்தாலா? அதைப் பார்க்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பிளேட்டும் அதே வழியில் போய்விடும். அதனால் லீவர், கேபிள், ஆயில், கடைசியாகப் பிளேட் என்ற வரிசையில் பாருங்கள். முதல் மூன்றுக்கும் எஞ்சினைத் திறக்க வேண்டியதே இல்லை. இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

390 டியூக், டாமினார் 400, ஆர்15, அப்பாச்சி ஆர்ஆர் 310, இன்டர்செப்டர் 650 என்று மதுரைச் சாலைகளில் பார்க்கிற இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி ஓடும் பல பிளேட் கிளட்ச். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் வெளிக்கூடு ஒன்று உண்டு. பட்டறையில் கிளட்ச் பெல் என்பார்கள். உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட்டுகள் அதன் காடிகளில் உட்காரும். கியர்பாக்ஸோடு சேர்ந்த நடு ஹப்பில் வெறும் இரும்புப் பிளேட்டுகள் உட்காரும். இரண்டு வகையும் ஒன்று விட்டு ஒன்றாக, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். இந்த அடுக்கை ஸ்பிரிங்குகள் ஒரு மூடித் தட்டின் வழியாக அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் லீவரைப் பிடிக்கும்போது அந்த அழுத்தம் விலகுகிறது, விடும்போது திரும்ப வருகிறது. அந்த அழுத்தமும் பிளேட்டுகளுக்கு இடையிலுள்ள உராய்வும் எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்க முடியாமல் போகும்போது பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. கிளட்ச் ஸ்லிப் என்பது இவ்வளவுதான்.

100 சிசி வண்டி ஒன்று கொடுக்கும் முறுக்கு விசை சுமார் 8 நியூட்டன் மீட்டர். 373 சிசி 390 டியூக் கொடுப்பது 37. இன்டர்செப்டர் 650 கொடுப்பது 52. கிளட்ச் கொஞ்சம் பலவீனமானாலும் சின்ன வண்டி பல மாதம் சமாளித்து ஓடிவிடும். பெரிய வண்டியில் அதே பலவீனம் முதல் ஓவர்டேக்கிலேயே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கெடுவதும் வேகமாகவே நடக்கும். சறுக்கினால் சூடு ஏறும், சூட்டில் பட்டை கருகி வழவழப்பாகும், வழவழப்பானால் இன்னும் சறுக்கும். எனவே அறிகுறி தெரிந்த அன்றைக்கே முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதை நிறுத்துங்கள். 'இந்த மாசம் போகட்டும்' என்று ஓட்டினால், லீவர் அட்ஜஸ்ட்மென்ட்டோடு முடிய வேண்டியது முழு பிளேட் செட்டில் போய் நிற்கும்.

ஒரு தவறான சமாதானத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'என் வண்டியில ஸ்லிப்பர் கிளட்ச், கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்' என்று சிலர் நம்புகிறார்கள். ஸ்லிப்பர் கிளட்ச் விட்டுக்கொடுப்பது ஆக்ஸிலரேட்டரை மூடி, வேகமாகக் கியரைக் குறைக்கும்போது மட்டும். பின்சக்கரம் எஞ்சினைத் திருப்பித் தள்ளும் விசையில் சக்கரம் பூட்டிக்கொண்டு குதிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அது வழுக்கவே கூடாது. அசிஸ்ட் வசதியும் சேர்ந்த கிளட்ச் என்றால், முன்னோக்கி இழுக்கும்போது உள்ளே இருக்கும் சரிவான பற்கள் பிளேட்டுகளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் அந்த வண்டிகளில் மெல்லிய ஸ்பிரிங்கே போதுமானதாக இருக்கிறது, லீவரும் லேசாக இருக்கிறது.

கிளட்ச்தானா என்று உறுதி செய்வது

ஒரே கியரில் ஓடும் வரை ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. உதாரணமாக ஐந்தாவது கியரில் 4000 ஆர்.பி.எம்.மில் 60 கி.மீ. வேகம் காட்டுகிற வண்டி, 5000 ஆர்.பி.எம்.மில் 75 காட்ட வேண்டும். 5000 ஏறியும் மீட்டர் 65-லேயே நிற்கிறது என்றால் நடுவில் ஏதோ வழுக்குகிறது. உங்கள் வண்டிக்கு உரிய எண்கள் வேறாக இருக்கும். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே நிதானமான வேகத்தில் நான்காவது, ஐந்தாவது கியர்களின் எண்களைப் பார்த்துக் குறித்து வைப்பது மிகப் பெரிய உதவி. பின்னால் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம்.

சோதனை செய்ய எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சாலை காலியாக இருக்கிற விடியற்காலையில், லேசான ஏற்றம் உள்ள நேர் சாலையாகப் பாருங்கள். ஐந்தாவது கியரில் நிதானமாகப் போய், ஒரேயடியாக ஆக்ஸிலரேட்டரைத் திறந்து இரண்டு மூன்று விநாடி மீட்டரைக் கவனியுங்கள். எஞ்சின் அதிகபட்ச முறுக்கு விசை கொடுக்கிற ஆர்.பி.எம்.மை நெருங்கும்போதுதான் வழுக்கல் முதலில் வெளிப்படும். 390 டியூக் 373 சிசியில் அது 7000 பக்கம். அதற்காக அந்த எண் வரை துரத்திக்கொண்டு போக வேண்டாம். மேல் கியரில் சுமையோடு முறுக்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நத்தம் சாலைப் பறக்கும் பாலம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே போய்ச் சோதிக்காதீர்கள். ஏழு கி.மீ. நீளத்துக்கு இரண்டு பக்கமும் சுவர், வேகமாக வருகிற கார்கள். வண்டி நின்றுபோனால் ஒதுங்கவும் இடமில்லை.

வழுக்கல் மாதிரியே தோன்றும் வேறு கோளாறுகள் சில உண்டு. வண்டி இழுக்கவில்லை, ஆர்.பி.எம்.மும் ஏறவில்லை என்றால் அது எஞ்சின் பக்கத்துக் குறை. ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் வரத்து இவற்றைப் பாருங்கள். முறுக்கும்போது 'கடக் கடக்' என்று உதறலோடு சத்தம் வந்தால் தேய்ந்த ஸ்பிராக்கெட்டின் மேல் செயின் தாவுகிறது. சத்தம் ஒரேயடியாக ஏறி, சக்கரத்துக்கு எந்த விசையும் போகாமல் நியூட்ரல் மாதிரி ஆகி, கியர் லீவரை மறுபடி மிதித்ததும் சரியானால் கியர் கழன்று விழுகிறது. கிளட்ச் வழுக்கலில் இப்படி உதறல் இருக்காது. வழவழவென்று சத்தம் மட்டும் மேலே போகும், கூடவே சில சமயம் கருகல் வாடையும் வரும்.

லீவரும் கேபிளும்

இங்கேதான் பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும் என்பதால் பொறுமையாகப் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளட்ச் லீவரின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுங்கள். முதலில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் வரும், அப்புறம்தான் ஸ்பிரிங்கின் பாரம் கைக்குத் தெரியும். அந்த முதல் தூரம்தான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான வண்டிகளில் லீவர் நுனியில் அது சுமார் 10 முதல் 15 மி.மீ. வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஓனர்ஸ் மேனுவலில் போட்டிருக்கும், சிலர் நுனியில் அளக்கச் சொல்வார்கள், சிலர் லீவர் முளைக்கும் இடத்தில் அளக்கச் சொல்வார்கள், கவனித்துப் பாருங்கள். ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லை, தொட்டதுமே ஸ்பிரிங் பாரம் தெரிகிறது என்றால், நீங்கள் லீவரை விட்ட பிறகும் கேபிள் கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பாதி கிளட்ச்சில் ஓட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

முன்பு சரியாக இருந்த ஃப்ரீ பிளே ஏன் குறைய வேண்டும்? கேபிள் நீண்டால் லூஸ் கூடத்தான் செய்யும். பிளேட்டுகள் தேயும்போது நேர்மாறாக நடக்கிறது. அடுக்கின் மொத்தத் தடிமன் குறைந்து மூடித் தட்டு உள்ளே இறங்க, கேபிளில் இருந்த லூஸ் தின்னப்பட்டுவிடுகிறது. ஆகவே நீங்கள் ஒன்றும் தொடாமலே லீவர் நாளுக்கு நாள் இறுகி வந்தால், பிளேட் தேய்கிறது என்ற தகவலையும் அது சேர்த்தே சொல்கிறது. அட்ஜஸ்ட் செய்து சரியானாலும் அடுத்த சில வாரங்கள் அளந்துகொண்டே இருங்கள். மறுபடி மறுபடி இறுகினால் பிளேட்டைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அட்ஜஸ்ட் செய்ய இரண்டு இடம் உண்டு. லீவர் பக்கம் ரப்பர் மூடிக்குள் ஒரு திருகும் அதைப் பூட்டும் வளையமும் இருக்கும். வளையத்தைத் தளர்த்தி, திருகை உள்ளே சுற்றினால் லூஸ் கூடும், வெளியே சுற்றினால் குறையும். எஞ்சின் பக்கம் கேபிள் வந்து சேரும் தாங்கியில் இரண்டு நட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டியிருக்கும். லீவர் பக்கத் திருகை முதலில் ஏறக்குறைய முழுக்க உள்ளே சுற்றி, ஒன்றிரண்டு சுற்று மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். பெரிய அளவை எஞ்சின் பக்க நட்டுகளில் சரிசெய்து, கடைசி மில்லிமீட்டர்களை மட்டும் லீவர் பக்கம் முடியுங்கள். இப்படிச் செய்தால் போகிற வழியில் கையாலேயே திருத்திக்கொள்ள லீவர் பக்கம் இடம் மிச்சம் இருக்கும். வேலை முடிந்ததும் பூட்டு நட்டை இறுக்க மறக்கக் கூடாது. மறந்தால் அதிர்விலேயே அட்ஜஸ்ட்மென்ட் ஓடிவிடும்.

பிறகு ஹேண்டில்பாரை இடது ஓரம் வரையும் வலது ஓரம் வரையும் திருப்பி, இரண்டு முனையிலும் ஃப்ரீ பிளேயைத் தொட்டுப் பாருங்கள். நேராக இருக்கும்போது லூஸாக இருந்து ஒரு பக்கம் திருப்பியதும் விறைத்தால், கேபிள் போகிற பாதை தவறு. உயரமான ஹேண்டில்பார் மாற்றிய வண்டிகளிலும், டேங்க்கையோ ஃபேரிங்கையோ கழற்றி மாட்டிய வண்டிகளிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். கேபிள் ஃபிரேமுக்கும் ரேடியேட்டர் குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும்.

வெளியில் வாங்கிய குட்டை லீவரோடு ஓடுகிற வண்டி என்றால் அதைச் சந்தேகப் பட்டியலில் முதலில் வையுங்கள். கலர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேபிள் நுனி உட்காரும் குழியின் தூரம் கம்பெனி லீவரோடு ஒத்துப்போகாவிட்டால், லீவர் தன் இடத்துக்கு முழுசாகத் திரும்பாமல் கேபிளை எப்போதும் இழுத்தே வைத்திருக்கும். பழைய லீவரைத் திரும்ப மாட்டி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

கேபிளே வறண்டு உள்ளே பிசிறடித்திருந்தாலும் லீவரை விட்டதும் சட்டென்று திரும்பாது. எஞ்சின் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு, உள் கம்பியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்தால் தெரியும். கரகரப்பாக வந்தாலோ, நுனியில் ஒரு இழை உதிர்ந்து நின்றாலோ எண்ணெய் விட்டுக் காலம் தள்ளாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். உள்ளே நைலான் உறை போட்ட கேபிள்களுக்கு எண்ணெயே வேண்டாம் என்று சில மேனுவல்கள் சொல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் இந்த அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அங்கே மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பி வரும் சின்னத் துளை அடைபட்டாலோ, திரவம் அளவுக்கு மேல் இருந்தாலோ இதே விளைவு வரும். அதை ஹைட்ராலிக் வேலை தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

ஆயில்

கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்து ஓடுகிறது என்று சொன்னோம். கார் எஞ்சினில் அப்படி இல்லை. அங்கே கிளட்ச் தனி. அதனால் கார் ஆயில் தயாரிப்பவர்கள் மைலேஜ் கூடுவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைத் தாராளமாகச் சேர்ப்பார்கள். அதைப் பைக்கில் ஊற்றினால் உராய்வை நம்பியே இருக்கிற பிளேட்டுகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆயில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கம் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் ஜாசோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது ஜப்பானிய வாகனத் தரநிர்ணய அமைப்பின் குறியீடு. எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று போட்டிருந்தால் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்ஏ2 அவற்றில் உராய்வு அதிகமுள்ள வகை, பெர்ஃபார்மன்ஸ் வண்டிகளுக்கு அதுவே பொருத்தம். எம்பி என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கு. அவற்றின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே தனியாக ஓடுவதால் அங்கே வழுக்கல் பயம் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே நிற டப்பா, ஒன்று பைக்குக்கு, ஒன்று ஸ்கூட்டருக்கு என்று கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அவசரத்தில் கை மாறிப் போகும். வட்ட முத்திரைக்குள் 'எனர்ஜி கன்சர்விங்' அல்லது 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அது பைக்குக்கு வேண்டாம். 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று வருகிற கெட்டித்தன்மை எண் வேறு விஷயம். அதை மேனுவலில் உள்ளபடி எடுங்கள்.

'எஞ்சின் சத்தம் குறையும், ஸ்மூத்தாகும்' என்று விற்கிற சின்ன பாட்டில் சேர்மானங்களை நனைந்த கிளட்ச் உள்ள வண்டியில் ஊற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாலிப்டினமோ டெஃப்லானோ கலந்த பாட்டில் எஞ்சினுக்கு என்ன நல்லது செய்கிறதோ, கிளட்ச்சுக்கு அது கெடுதல்.

கடைசியாக ஆயில் மாற்றிய பிறகுதான் வழுக்கல் ஆரம்பித்தது என்றால் பாதி விசாரணை முடிந்தது. பழைய டப்பாவைக் கேட்டுப் பாருங்கள். பொருந்தாத ஆயில் என்று தெரிந்தால் உடனே வடித்து, ஃபில்டரையும் மாற்றி, சரியான ஆயில் ஊற்றி, அடக்கமாக ஒரு 200, 300 கி.மீ. ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். பிளேட் கருகுவதற்குள் கண்டுபிடித்திருந்தால் பல சமயம் இதோடு பிழைத்துவிடும். வடிக்கும்போது ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடை தூக்கலாக இருந்து, கறுப்புத் துகள்களும் மிதந்தால் பட்டை உரிந்து ஆயிலில் கலந்திருக்கிறது, அடுத்து பிளேட்தான்.

பிளேட்டைத் திறந்து பார்ப்பது

முதல் முறை செய்பவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வாரண்டி இருக்கிற வண்டியைத் திறக்கவே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

மேலே சொன்ன வண்டிகளில் கிளட்ச் மூடி வலது பக்கம் இருக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்வதால் ஆயிலும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். இருந்தாலும் ஆயில் எப்படியும் மாற்றப் போகிறீர்கள், வடித்துவிட்டே ஆரம்பியுங்கள். மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் திருகி எஞ்சின் கேஸை உடைக்கிற விபத்து இப்படித்தான் தவிரும். பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் பிறகு அங்கிருந்து ஆயில் கசியும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். மூடித் தட்டை எடுத்ததும் பிளேட்டுகளை வருகிற வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் இடமிருந்து வலமாகப் பரப்புங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் கடைசி உராய்வுப் பிளேட் மட்டும் கிளட்ச் பெல்லின் வேறு காடியில் ஒரு பல் தள்ளி உட்காரும். சிலவற்றில் உள்ளே ஒரு பிளேட்டின் வட்டம் மட்டும் அகலமாக இருந்து, அதற்குள் மெல்லிய வளைய ஸ்பிரிங் ஒன்று ஒளிந்திருக்கும். படம் இல்லாமல் இவற்றைத் திரும்ப மாட்டுவது சிரமம்.

இனிப் பிளேட்டுகளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல உராய்வுப் பட்டை மங்கலான பழுப்பு நிறத்தில், கட்டம் கட்டமாக, நகத்தால் தடவினால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். கருகியது கறுத்துப் பளபளக்கும். கட்டங்களின் விளிம்பு மழுங்கியிருக்கும், மூக்கின் அருகே கொண்டுபோனால் துடைத்த பிறகும் தீய்ந்த வாடை விடாது. இரும்புப் பிளேட்டில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரிந்தால் அது மிகையான சூடு கண்ட அடையாளம். அந்தப் பிளேட்டை ஒரு தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, விளிம்புக்கடியில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பல வண்டிகளுக்கு வளைவின் எல்லை 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். உராய்வுப் பிளேட்டின் தடிமனை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் நான்கு இடத்தில் அளந்து, சர்வீஸ் மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். புதிதுக்கும் தேய்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியாகத்தான் இருக்கும், கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு செய்ய முடியாது. ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளக்க வேண்டும். ஒன்று குட்டையாகியிருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள்.

உப்புத்தாளால் உராய்வுப் பட்டையைத் தேய்த்து மறுபடி மாட்டுகிற வழக்கம் உண்டு. கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தம் கூட்டுவதும் அப்படியே; லீவரைப் பிடிக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் முட்டிக்கொண்டு கிளட்ச் முழுசாக விடுபடாமல் போகலாம். கடினமான ரேஸ் ஸ்பிரிங் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். எஞ்சினின் சக்தியைக் கூட்டாத வண்டிக்கு அது தேவையில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் மாலை ஆறு மணிக்கு அந்த லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றால் மணிக்கட்டே பதில் சொல்லும்.

மாட்டும்போது

புது உராய்வுப் பிளேட்டுகளைச் சரியான எஞ்சின் ஆயிலில் முந்தின இரவே ஊறப் போடுங்கள். வறண்ட பட்டையோடு மாட்டினால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகல் தொடங்கிவிடும். நீலம் பாரித்த அல்லது வளைந்த இரும்புப் பிளேட்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய இரும்பின் மேல் புதுப் பட்டை சரியாகப் படியாது. அச்சில் வெட்டிய இரும்புப் பிளேட்டுக்கு ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கும், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து உட்காரட்டும். கிளட்ச் பெல்லின் விரல்களில் பிளேட் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அது வழுக்கலுக்கு நேரடிக் காரணம் அல்ல, ஆனால் பிளேட்டுகள் தாராளமாக நகர விடாது.

ஸ்பிரிங் போல்ட்டுகளை மறுபடி குறுக்காகவே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இறுக்கம். கையின் பலத்தை நம்பி இறுக்கி, அலுமினிய ஹப்பின் தூண் முறிந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஒருநாள் கடன் வாங்குங்கள். புது பேக்கிங் போட்டு மூடி, ஆயில் ஊற்றி, வண்டியை நிமிர்த்தி வைத்து அளவு பாருங்கள். ஃப்ரீ பிளேயை முதலிலிருந்து அளந்து வையுங்கள்; பழைய தேய்ந்த பிளேட்டுக்கு வைத்த அட்ஜஸ்ட்மென்ட் புதுசுக்குப் பொருந்தாது. முதல் 300 கி.மீ. வரை வேகமான லாஞ்ச், வீலி எதுவும் வேண்டாம். அதன் பிறகு ஃப்ரீ பிளேயை இன்னொரு முறை அளக்க வேண்டும், பிளேட்டுகள் படிந்ததில் கொஞ்சம் மாறியிருக்கும்.

பட்டறையில்தான் கொடுக்கிறீர்கள் என்றால் 'கிளட்ச் சரியில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்தக் கியரில், எத்தனை ஆர்.பி.எம்.மில், குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, கடைசியாக என்ன ஆயில் ஊற்றியது என்று சொல்லுங்கள். "பழைய பிளேட்டத் தூக்கிப் போட்டுறாதீங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்தப் பிளேட் எங்கே கருகியிருக்கிறது என்று அவரே பிடித்துக் காட்டுவார்.

எதனால் தேய்கிறது

மாசி வீதிகளிலும் சிம்மக்கல்லிலும் வண்டி நகர்வது அடி அடியாகத்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் தல்லாகுளம் பக்கம் சொல்லவே வேண்டாம். அந்த நெரிசலில் லீவரைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து போவதும், சிக்னலில் முதல் கியரைப் போட்டு லீவரைப் பிடித்தே நிற்பதும் பிளேட்டுக்கும் கேபிளுக்கும் ஓயாத வேலை. நின்றால் நியூட்ரல் போடுங்கள். நகரும்போது கிளட்ச்சை முழுசாக விட்டு, இடைவெளி விழுந்த பிறகு அடுத்த நகர்வு. பாலத்தின் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நில்லுங்கள், ஆக்ஸிலரேட்டரும் கிளட்ச்சுமாகத் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஓடும்போது லீவரின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு. விரலின் கனமே ஃப்ரீ பிளேயைத் தின்றுவிடப் போதும்.

வழியில் வழுக்க ஆரம்பித்தால்

சிறுமலை ஏற்றத்தில், பின்னால் ஆளும் பையுமாகப் போகும்போது வழுக்கல் தொடங்குகிறது என்று வையுங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த மலையில் முறுக்கி முறுக்கி ஏறப் பார்த்தால் பாதியில் சக்கரத்துக்கு விசையே போகாமல் நின்றுவிடும். ஓரமாக நிறுத்துங்கள், அரை மணி ஆறவிடுங்கள். லீவர் பக்கத் திருகைக் கையாலேயே உள்ளே சுற்றி, கேபிளில் தாராளமாக லூஸ் கொடுங்கள்; எந்த ஸ்பேனரும் வேண்டாம். காரணம் கேபிள் இறுக்கம் என்றால் அதோடு வண்டி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். லூஸ் அதிகமானதால் கியர் மாற்றுவது கொஞ்சம் முரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அப்படியும் வழுக்கினால் மேலே ஏறும் எண்ணத்தை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்ச்சுக்குச் சுமை குறைவு. சமதளம் வந்த பிறகு சின்னக் கியரில், ஆக்ஸிலரேட்டரை மெல்லத் திறந்து, வேகத்தை ஆசைப்படாமல் ஓட்டினால் திண்டுக்கல் பட்டறை வரையாவது வந்து சேரலாம். அங்கிருந்து மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் சுமார் 60 கி.மீ. உண்டு. வழுக்கல் நிற்காத வண்டியை அந்தத் தூரம் ஓட்டாமல், லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவது ஹப்பையும் பெல்லையும் காப்பாற்றும்.